நான் நல்ல செம்பு

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு, மாசசூசெட்ஸுக்கு, வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை சமையலறையிலிருந்து புளி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், கரைத்த புளியையும் கல்லுப்பையும் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் எதையோ அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"செம்பைப் போய் இப்படிக் கறுக்க விடலாமாடா? கண்ணாடி அலமாரியில வேற வச்சிருக்கே. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல."

அவள் கையில் இருந்தது அமெரிக்காவின் பழைய ஹிக்லி செம்புக் காசின் பிரதி. நம் இரண்டு ரூபாயைவிடச் சற்றே பெரிய வட்டம். நான் வாங்கும்போதே பழைய நாணயத்தின் தோற்றம் வரட்டும் என்று பழுப்பேற்றித்தான் விற்றிருந்தார்கள். அந்தப் பழுப்பு முழுக்கப் போய், பூஜைச் செம்பு மாதிரி சிவந்து மின்னியது. ஒரு கணம் பதறித்தான் போனேன். பிறகு குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நாளாக லென்ஸ் வைத்துத் தேடிய எழுத்தெல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

"நான் நல்ல செம்புன்னு எழுதியிருக்கும்மா."

திருப்பிக் காட்டினேன். நிற்கும் மான் ஒன்று; அதைச் சுற்றி, 'உனக்குத் தோன்றும் மதிப்பை எனக்குக் கொடு' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. அதையும் சொன்னேன். அம்மா காசை வாங்கி முந்தானையில் துடைத்தாள். "நல்ல செம்புதான். தேய்ச்சதும் தெரியுதே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அசல் ஹிக்லி காசு ஒன்றை யாராவது இப்படிப் புளி போட்டுத் தேய்த்திருந்தால், பல்லாயிரம் டாலர் மதிப்பு அந்தக் கிண்ணத்திலேயே கரைந்து போயிருக்கும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் செம்பின் மேல் படிந்த அந்தத் தோலைத்தான் நாணயம் சேகரிப்பவர்கள் உயிராக மதிக்கிறார்கள். பிரதியாக இருந்ததால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு லாபம்கூட உண்டு. 1737இல் அந்தக் காசு அச்சிலிருந்து விழுந்தபோது எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் எதுவும் அந்த நிறத்தை எனக்குக் காட்டியதில்லை.

சாமுவேல் ஹிக்லி ஒரு மருத்துவர். கனெக்டிகட்டில், இன்றைய கிரான்பி பக்கம், அவருக்குச் சொந்தமாக ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. அங்கே எடுத்த செம்பில் அவரே காசு அடித்தார். யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. முதலில் அடித்த காசில் 'மூன்று பென்னி மதிப்பு' என்று போட்டார். அரைப் பென்னிக் காசு அளவே இருக்கும் செம்புக்கு மூன்று பென்னியா என்று ஊரார் முறைத்தார்கள், அதனால்தான் அடுத்த அச்சில் 'உனக்குத் தோன்றும் மதிப்பைக் கொடு' என்று மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனாலும் மானுக்குக் கீழே மூன்றைக் குறிக்கும் ரோமன் எண்ணை அவர் எடுக்கவில்லை. வேறொரு அச்சில் கோடரிப் படம் போட்டு, 'என் வழியை நானே வெட்டிக்கொள்கிறேன்' என்று எழுதினார். மன்னன் தலையும் இல்லை, லத்தீனும் இல்லை. ஒரு மனிதன் தன் சுரங்கத்துச் செம்பை வைத்துக்கொண்டு ஊரோடு நேருக்கு நேர் பேசுகிறான். செம்பு ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போன கப்பலில் அவர் 1737இலேயே இறந்துபோனார். அதன் பிறகும் 1739 வரை அந்தக் காசுகள் வெளிவந்தன. தூய செம்பாக இருந்ததால் பொற்கொல்லர்கள் தங்கத்தில் கலக்க இவற்றையே உருக்கினார்கள் என்றும், அதனால்தான் மிஞ்சியவை இவ்வளவு குறைவு என்றும் சொல்வார்கள். நல்ல செம்பு என்று தானே சொல்லிக்கொண்ட காசு அதனாலேயே அழிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

இந்த மாதிரிக் காசுகளின் பிரதிகளைத்தான் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்க்கிறேன். அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு முன்பும், உருவான முதல் சில ஆண்டுகளிலும் அங்கே புழங்கியவை. "ஏன் பிரதி? அசலில் மலிவாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரேம் பிரேஷர் 1787இல் அடித்த தங்க நாணயம் ஒன்று 2021 ஜனவரியில் 93 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆனால் காரணம் பணம் மட்டும் இல்லை. அசலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். பிரதியைக் கையில் எடுக்கலாம், எடை போடலாம், சுண்டலாம், குழந்தைகளிடம் கொடுக்கலாம். காசு என்பது கையில் இருக்க வேண்டிய பொருள். கண் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

இந்தப் பழக்கம் தொடங்கியது பாஸ்டனில், கிரானரி இடுகாட்டில். விடுதலைப் போராட்டத் தலைவர்களின் கல்லறைகளைப் பார்க்கக் கூட்டம் நிற்கும் இடம் அது. அங்கேதான் ஜான் ஹல் என்பவரும் அடக்கமாகியிருக்கிறார். அவருக்காக வருபவர்கள் குறைவு. அன்று திரும்பும் வழியில் ஒரு நினைவுப் பொருள் கடையில் பைன் மரம் பொறித்த ஷில்லிங்கின், தகரக் கலவையான பியூட்டரில் செய்த பிரதியைச் சில டாலருக்கு வாங்கினேன். ஹல் அடித்த காசு அது என்பது அட்டையின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் காசுக்கு அப்படி ஒரு பஞ்சம். இங்கிலாந்து தன் குடியேற்றங்களுக்கு நாணயம் அனுப்பவில்லை. சோளம், பீவர் என்ற விலங்கின் தோல், அந்த மண்ணின் பூர்வகுடிகள் சிப்பியில் செய்த வாம்பம் மணிகள் எல்லாம் பணமாகப் புழங்கின. 1635இல் துப்பாக்கிக் குண்டு ஒன்றைக் கால் பென்னியாக ஏற்க வேண்டும் என்றே மாசசூசெட்ஸ் சபை உத்தரவிட்டது. கரும்புத் தோட்டத் தீவுகளுக்கு மீனும் மரமும் அனுப்பியதில் ஸ்பானிய வெள்ளி வந்துகொண்டிருந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். அந்த வெள்ளியைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை. வந்த வெள்ளியிலும் தரம் குறைந்ததும் ஓரம் வெட்டியதும் கலந்திருந்தன. 1652 மே மாதம் சபை துணிந்து தன் சொந்த நாணயச்சாலைக்கு உத்தரவு போட்டது. பொறுப்பு பொற்கொல்லர் ஹல்லிடம் வந்தது. நண்பர் ராபர்ட் சாண்டர்சனைத் தானே கூட்டாளியாகத் தேர்ந்துகொண்டதை ஹல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் வந்த காசைப் பார்த்தால் நம்பவே முடியாது. வெறும் வெள்ளி வட்டம். ஒரு பக்கம் ஓரமாக 'என்இ' என்று நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மறுபக்கம் பன்னிரண்டு பென்னியைக் குறிக்கும் ரோமன் எண். மற்ற இடமெல்லாம் மொட்டை. ஓரத்தைக் கொஞ்சம் சீவி எடுத்தால் யாருக்கும் தெரியாது. இந்த ஓட்டை சபைக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், நடுவில் மரம், சுற்றிலும் இரட்டை வளையம், வளையத்துக்குள் எழுத்து என்று மாற்றினார்கள். இனி ஓரத்தைத் தொட்டால் எழுத்து போகும், திருட்டு தெரிந்துவிடும்.

அந்த மரமும் ஒரே மரமாக இல்லை. முதலில் வில்லோ, 1660 வாக்கில் ஓக், 1667 வாக்கிலிருந்து பைன் என்று மூன்று வகை. பெயர்கள் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் வைத்தவை. வில்லோ என்கிறார்களே தவிர, அதைப் பார்த்தால் காற்றில் கலைந்த முடி மாதிரிதான் இருக்கும். அச்சு அசைய அசைய ஒரே காசில் இரண்டு மூன்று முறை அடித்ததில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் காசு வந்தும், 1662 என்று போட்ட ஓக் மர இரண்டு பென்னி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆண்டு 1652தான். அந்த ஆண்டு இங்கிலாந்தில் மன்னர் இல்லை. மன்னராட்சி திரும்பியதும், மன்னர் அனுமதி இல்லாமல் அடித்ததற்கு "இது அப்போது அடித்தது" என்று சொல்லித் தப்பிக்கவே பழைய ஆண்டைப் போட்டார்கள் என்ற விளக்கம் பிரபலம். சபை அனுமதி கொடுத்த ஆண்டு அது, அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. லண்டனில் இருந்தவர்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்றியிருக்க முடியாது.

அன்று வாங்கிய பியூட்டர் ஷில்லிங்கைச் சின்னத் தராசில் வைத்தேன். 3.3 கிராம். அசலின் சட்டபூர்வ எடை 72 கிரெய்ன், அதாவது சுமார் 4.67 கிராம். அளவு அதே அளவுதான். பியூட்டர் பெரும்பாலும் தகரம், வெள்ளியைவிட லேசு. சுண்டினால் தொம்மென்று விழுந்தது. ஆறு மாதம் கழித்து ஸ்டெர்லிங் வெள்ளியில் அச்சடித்த ஒரு பிரதி வாங்கினேன். உள்ளங்கையில் விழுந்ததுமே வேறு மாதிரி இருந்தது. சுண்டியதும் மெல்லிய மணியோசை. இங்கிலாந்து ஷில்லிங்கைவிட வேண்டுமென்றே எடை குறைத்து, ஆனால் வெள்ளியின் தரத்தைத் துளியும் குறைக்காமல் ஹல் அடித்த காசு அது. எடை குறைவாக இருந்தால் கடல் தாண்டிப் போகாது, உள்ளூரிலேயே தங்கும் என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை, இரண்டு பிரதிகளை இரண்டு கையில் வைத்தபோது விளங்கியது.

சென்னையில் வளர்ந்தவர்களுக்காக ஒரு சேதி. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலைஹு யேல் பிறந்தது இதே பாஸ்டனில், 1649இல். சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. சென்னை என்றதும் எனக்குத் தங்கசாலைத் தெரு நினைவு வரும், பாஸ்டன் என்றதும் ஹல். இரண்டு ஊருக்கும் நடுவில் இந்த மனிதர் நிற்பது பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

பிரதி என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட, கொஞ்சம் அழுக்கான வரலாறு உண்டு. 1856இல் நியூயார்க்கில் தாமஸ் வையட் என்பவர் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலவே செய்து, செல்சீ என்ற ஊரில் புதையலாகக் கிடைத்தவை என்று கதை கட்டி விற்றார். அடுத்த பத்தாண்டில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஜான் ஆடம்ஸ் போலன் என்ற அச்சு வெட்டும் கலைஞர் ஹிக்லி காசையும் யானை பொறித்த கரோலினா காசையும் தன் கையால் அச்சு வெட்டிப் பிரதி எடுத்தார். வாங்க முடியாதவர்களுக்காகச் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார். ஆனாலும் அவர் கையை விட்டுப் போன பின் சில பிரதிகள் அசல் என்ற பெயரில் கைமாறின. இன்றைக்குப் போலனின் பிரதிகளையே தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைப்பாடு அப்படி.

அருங்காட்சியகங்கள் அந்தக் காலத்தில் மின்பூச்சு முறையில் பிரதி எடுத்தன. அசலின் இரு பக்கத்துக்கும் அச்சுப் பதிவு எடுத்து, அதன்மேல் கிராஃபைட் பூசி, மின்சாரம் பாயும் திரவத்தில் தொங்கவிட்டால் செம்பு மெல்லிய ஓடாகப் படியும். இரண்டு ஓட்டுக்கும் உள்ளே ஈயம் ஊற்றி ஒட்டிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விளிம்பைப் பார்த்தால் சுற்றிலும் ஒரு தையல் கோடு ஓடும். சுண்டினால் ஓசையே வராது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இந்த அலமாரியில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அசலின் கீறல், அசலின் தேய்மானம், எல்லாம் மயிரிழை பிசகாமல் இறங்கியிருக்கிறது.

கள்ளக் காசுக்கும் பிரதிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல். 1973இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாணயத்தைப் போலச் செய்யும் எதிலும் 'காப்பி' என்று, அதாவது நகல் என்று, ஆங்கிலத்தில் நாலு எழுத்து கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரிய எழுத்தில், மேலே தூக்கி நிற்காமல் உலோகத்துக்குள் இறங்கி இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தது 2 மில்லிமீட்டர், சொல்லின் அகலம் 6, ஆழம் 0.3, காசு சிறியதாக இருந்தால் அதற்கேற்ற விகிதம். ஆழத்தைக்கூட ஏன் எழுதிவைத்தார்கள் என்று முதலில் புரியவில்லை. மேலோட்டமாக அடித்தால் சாணைக்காகிதத்தில் போய்விடும் என்பது பின்னால் புரிந்தது. 2014இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

காட்சிக்கு வைக்கும்போது இந்தச் சொல் இல்லாத பக்கத்தை முன்னால் திருப்பி வைப்பதுதான் பலருடைய வழக்கம். அழகு கெடுகிறதாம். நான் ஒவ்வொரு காசிலும் இரண்டு பிரதி வாங்கி இரு பக்கத்தையும் அருகருகே வைக்கிறேன். அந்தச் சொல் எந்தப் பக்கம் இருந்தாலும் தெரியட்டும். பார்க்க வருகிறவரை ஒரு நொடிகூட ஏமாற்றக் கூடாது. அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் வரும் வியப்பு எனக்கு உரியது இல்லை.

வைக்கும் விதத்தில் சிலதைப் பட்டுத்தான் கற்றேன். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் இரண்டு வருடம் கிடந்த செம்புப் பிரதியில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. உலோகத்தையே தின்னும் அது. கம்பளித் துணி விரித்து வெள்ளியை வைத்தால் கந்தகத்தால் கறுக்கும். ஓக் மரப் பெட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்த மரம் விடும் அமில ஆவி ஈயம் கலந்த பழைய பியூட்டருக்கு ஆகாது. ஓக் மர ஷில்லிங்கை ஓக் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற என் ஆசை அதோடு போனது. விளக்கு நேர் மேலே இருந்தால் காசு தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் நிழல் விழும். அம்மா தேய்த்த ஹிக்லியை அப்படியேதான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பழுப்பேறிய இன்னொன்று. ஓரத்திலிருந்து அது மெல்லக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.

இந்த வசந்தத்தில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனைக்குப் போனேன். பொத்தான்கள், சாவிகளோடு ஒரு தகர டப்பாவில் 1776 கான்டினென்டல் டாலர் கிடந்தது. ஒரு பக்கம் சூரிய கடிகாரம், ஓடுகிறேன் என்று பொருள்படும் லத்தீன் சொல், கீழே 'உன் வேலையைப் பார்' என்ற கட்டளை. தமிழில் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கிறது. நேரம் ஓடுகிறது, உன் தொழிலைக் கவனி என்பதுதான் சொல்ல வந்தது. மறுபக்கம் பதின்மூன்று வளையங்கள் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடியேற்றத்தின் பெயர், நடுவில் 'நாம் ஒன்று'. கரன்சி என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டு வெட்டிய அச்சு. இதே படம் பெஞ்சமின் பிராங்கிளின் தொடர்பில் 1776 பிப்ரவரியின் காகிதப் பணத்திலும் வந்திருக்கிறது. இந்த டாலரே அமெரிக்காவில் அடித்ததுதானா, ஐரோப்பாவில் பின்னால் செய்த பதக்கமா என்று இப்போது ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். அசல்களில் பெரும்பாலானவை பியூட்டர்தான் என்பதால் பிரதிக்கும் அசலுக்கும் எடை வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. கை நடுங்கியது என்பதை ஒளிக்க மாட்டேன்.

விற்றவர் கேட்ட விலை அதிகம். "இது நிஜமான பழசு, தாத்தா வச்சிருந்தது" என்றார். அவர் அறிந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பேரம் பேசி வாங்கி வந்து லென்ஸில் வைத்தேன். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, காசின் பரப்பெல்லாம் ஊசி குத்திய மாதிரி சின்னக் குழிகள்: வார்ப்பு. அச்சில் அடித்ததில்லை. சூரிய கடிகாரத்துக்குக் கீழே ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக, லேசாகப் பள்ளமாக இருந்தது. விளக்கைச் சாய்த்தேன். ஒரே திசையில் நுண்ணிய அரக்கோடுகள். அவற்றுக்கு நடுவே பாதி வட்டம் ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோட்டின் அடி. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, அந்த நாலு எழுத்தை அரத்தால் அராவி எடுத்திருக்கிறார்கள்.

கொடுத்த பணம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அந்த அரக்கோடுகளைத்தான் தாங்க முடியவில்லை. வார்த்தவர் நேர்மையாகச் செய்து கொடுத்த பொருளின் வாயை அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு வாரம் அதை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். அலமாரியில் வைக்கவும் மனம் இல்லை, தூக்கிப் போடவும் மனம் இல்லை. எறிந்தால் இன்னொருவர் கையில் இன்னொரு தாத்தாவின் சொத்தாகப் போய்ச் சேரும்.

பிறகு உலோகத்தில் எழுத்து பொறிக்கும் ஆணிகளின் தொகுப்பு ஒன்றை வாங்கினேன், 3 மில்லிமீட்டர் அளவு. மோட்டார் கொட்டகையில் ஒரு மரக்கட்டையின் மேல் தோலை விரித்து, அதன்மேல் டாலரை வைத்து நாடாவால் ஒட்டினேன். பள்ளமான அந்த இடத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு. முதல் இரண்டு எழுத்தும் ஒரே அடியில் இறங்கின. பியூட்டர் அவ்வளவு மெது. மூன்றாவதுக்குச் சுத்தியலை மெல்ல விட்டதில் ஆழம் போதவில்லை, ஆணியைத் திரும்ப அதே குழியில் பொருத்தி இன்னொரு முறை அடித்தேன். நாலாவது கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். நாலும் தட்டுப்பட்டன. துடைத்து, அலமாரியைத் திறந்து, அந்தப் பக்கம் முன்னால் தெரியும்படி ஹிக்லிக்குப் பக்கத்தில் வைத்தேன்.